சேர்க்கைப் பதிவேட்டில் இல்லாத பெயர்

வடசென்னையில் ஒரு கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தபோது, தனியார் நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. வணிக நிர்வாகவியல் படித்ததாகச் சொல்லி அங்கே வேலையில் சேர்ந்திருக்கும் பெண் எங்கள் மாணவிதானா என்று கேட்டிருந்தார்கள். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினோம். அந்த ஆண்டில் அப்படியொரு பெயர் இல்லை. இல்லை என்றே பதில் எழுதி, அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு அனுப்பியும் விட்டோம். பத்து நாள் கழித்து அந்தப் பெண் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து வந்து, கையில் கட்டண ரசீதுகளோடு என் மேசை முன்னால் நின்றார். அப்போதுதான் எங்கள் மூத்த அலுவலக உதவியாளர், "அவங்க ஷிப்ட் டூ சார், அந்த ரிஜிஸ்டர் மாடி பீரோவுல இல்ல இருக்கு" என்றார்.

வணிக நிர்வாகவியல் தொடக்கத்தில் சுயநிதிப் பிரிவில் பிற்பகல் வகுப்பாக நடந்திருக்கிறது. அதற்குத் தனி அலுவலகம், தனி ரசீதுப் புத்தகம், தனிச் சேர்க்கைப் பதிவேடு. பிற்பாடு இரண்டு அலுவலகங்களையும் ஒன்றாக்கியபோது ஆட்கள் கீழே வந்தார்கள், பீரோ மாடியிலேயே நின்றுவிட்டது. வேறு கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்த எனக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ள எங்கும் எழுதியும் வைக்கப்படவில்லை.

மாடிக்குப் போனோம். கடற்காற்றில் துருவேறிய பீரோவைத் திறக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. நாப்தலின் உருண்டைகள் கரைந்து மணம் மட்டும் மிஞ்சியிருந்தது. குண்டூசி குத்திய இடமெல்லாம் காபி நிறத்தில் கறை. பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர் நீல மையில் தெளிவாக இருந்தது. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'மீன்பிடித்தல்'. அவருடைய அப்பா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கே திருத்தக் கடிதம் எழுதி, ஒரு படியை அந்தப் பெண்ணின் கையிலும் கொடுத்தேன். ஆனால் அந்தப் பத்து நாளில் அவர் பட்ட அவமானத்தை எந்தக் கடிதத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

ஆவணக் காப்பகத்தார் ஒரு நிறுவனத்தின் கோப்புகளுக்கு விவரப் பட்டியல் போடும்போது, பெட்டிகளின் எண்ணுக்கெல்லாம் முன்னால் 'நிர்வாக வரலாறு' என்று ஒரு பகுதி எழுதுகிறார்கள் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் அறிந்தேன். எந்த அலுவலகம் எதன் கீழ் இருந்தது, எப்போது பெயர் மாறியது, எதோடு இணைந்தது என்பதெல்லாம் அதில் வரும். அதன் அருமை எனக்குப் புரிந்தது ஹார்வர்டு பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் வரலாற்றைப் படித்தபோது. 1908 இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் எம்.பி.ஏ. என்ற பட்டத்தை உலகுக்குத் தந்தது. எட்வின் கே அதன் முதல் டீன். 1913 இல்தான் அது தனி நிர்வாக அலகானது. ஆகவே முதல் ஐந்தாண்டுச் செய்திகளைத் தேடுபவர் பள்ளியின் சொந்தக் கோப்புகளோடு நின்றுவிடக் கூடாது.

பெண்களின் கதை இதைவிட முக்கியம். அந்தப் பள்ளியின் இரண்டாண்டு எம்.பி.ஏ.வில் முதலாண்டிலிருந்தே பெண்கள் சேர்ந்தது 1963 இல். அந்த அணியில் எட்டுப் பேர். மாணவர் பட்டியலை மட்டும் பார்ப்பவர், அதற்கு முன் அங்கே பெண்களுக்கு இடமே இல்லை என்று எழுதிவிடுவார். ஆனால் 1937 முதலே ராட்கிளிப் மகளிர் கல்லூரியில் பணியாளர் நிர்வாகத்துக்கென ஓராண்டுப் பயிற்சி நடந்துவந்தது. வணிகப் பள்ளிப் பேராசிரியர்களே அங்கே பாடம் எடுத்தார்கள். பின்னர் அது இரு நிறுவனங்களின் பெயரையும் சேர்த்து வணிக நிர்வாகப் படிப்பு என்று பெயர் மாறியது. அதை முடித்தவர்கள் 1959 முதல் எம்.பி.ஏ.வின் இரண்டாம் ஆண்டில் சேர முடிந்தது. படித்தவர்கள் உண்டு, பதிவுகளும் உண்டு. பெயர்கள் வேறு நிறுவனத்தின் ஏட்டில் ஏறியிருந்தன. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாடி பீரோதான் நினைவுக்கு வந்தது.

அரசு அலுவலக வழக்கப்படி முடிந்த கோப்புகளை ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று பிரித்து, ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வைக்கிறோம். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதிவேடு எங்கே, ஏன் தனியாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே தாள், அதாவது இரண்டு அலுவலகங்களையும் ஒன்றாக்கிய சுற்றறிக்கை, எங்கள் கல்லூரியில் மூ.மு. ஆக முடிக்கப்பட்டு, கெடு முடிந்ததும் பழைய தாளோடு எடைக்குப் போய்விட்டது. அதைத்தான் முதலில் நி.மு. ஆக்கியிருக்க வேண்டும். பிற நிறுவனங்களின் நடைமுறையை எடுத்துவைத்துப் பாடம் நடத்தும் ஒரு துறை, தன் நடைமுறையின் தடத்தை இப்படிப் போகவிடுவது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், அந்த மூத்த உதவியாளரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல அரைப் பக்கம் எழுதினேன்: பிற்பகல் வகுப்பு எந்தக் கல்வியாண்டில் தொடங்கியது, ரசீதில் யார் கையொப்பம் இட்டார்கள், எந்த ஆண்டு வரை பெயர்கள் மாடிப் பதிவேட்டில் உள்ளன, எப்போதிலிருந்து கீழே உள்ளன. முதல்வரின் ஒப்பம் வாங்கி, மூன்று படி எடுத்து, ஒன்றைக் கீழ்ப் பதிவேட்டின் உள் அட்டையிலும், ஒன்றை மாடிப் பதிவேட்டின் உள் அட்டையிலும் ஒட்டினோம், மூன்றாவதற்கு நி.மு. எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். குண்டூசி குத்தவில்லை, நூல் டேக் போட்டுத்தான் கட்டினேன்.