எத்தியோப்பியா: லாலிபெலாவின் பாறைக் கோயில்களும் பாலே மலையின் ஓநாய்களும்

எத்தியோப்பியாவுக்குப் புறப்படுகிறவர்கள் பலர் அக்சும், லாலிபெலா, கோண்டார், சிமியன் மலை, பாலே மலை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடத் திட்டம் போடுகிறார்கள். அந்த மேட்டுநிலம் அதற்கு இடம் கொடுக்காது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊருக்குப் போக, ஒரு பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மறுபக்கம் ஏறவேண்டியிருக்கும், பகல் போய்விடும். பழைய தேவாலயங்களுக்கு லாலிபெலா, வனவிலங்குகளுக்குப் பாலே, தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஒரு பகலில் போய்வர டெப்ரே லிபனோஸ் மடம். நிதானமாகப் பார்க்க இந்த மூன்றே போதும்.

சிமியனைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து அம்ஹாரா மாநிலத்தில் ஆயுத மோதல் நடக்கிறது. சிமியன், லாலிபெலா இரண்டும் அங்கேதான். லாலிபெலாவுக்கு அடிஸ் அபாபாவிலிருந்து விமானத்தில் போய் விமானத்திலேயே திரும்பிவிடலாம். சிமியனுக்குக் கடைசித் தூரத்தைச் சாலையில்தான் கடக்கவேண்டும். டெப்ரே லிபனோஸும் பாலேவும் உள்ள ஒரோமியாவிலும் சில பகுதிகள் அமைதியாக இல்லை. ஆகவே புறப்படும் வாரத்தில் வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பாருங்கள். எச்சரிக்கை உள்ள பகுதிக்குப் போனால் பல காப்பீடுகள் செல்லாது என்பதையும் பாலிசியில் படித்துவிடுங்கள்.

இன்னொன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்கவேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டுத் தவிப்பவர்கள் அதிகம்.

டெப்ரே லிபனோஸ் தலைநகருக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தெக்லே ஹைமனோட் என்ற துறவி 13-ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம். 1937 மே மாதம் இத்தாலிய ஆளுநர் கிராசியானியின் உத்தரவில் இங்கிருந்த துறவிகள் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இப்போதுள்ள கோயில் பேரரசர் ஹைலே செலாசி காலத்தது. மடத்தைச் சுற்றியுள்ள செங்குத்துப் பாறைகளில் கெலாடா குரங்குகள் வாழ்கின்றன. சிறுத்தைக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து இரவில் பாறை விளிம்புகளில் ஒண்டிக்கொள்ளும்; வெயில் ஏறிய பிறகே மேலே வரும். அதனால் விடியற்காலையில் ஓடவேண்டாம். உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து, இரண்டு கைகளாலும் புல்லைப் பறித்து, கை நிறைந்ததும் வாயில் போட்டுக்கொள்ளும். பெரும்பாலும் புல்லே உணவு. வாழைப்பழம், ரொட்டி எதுவும் கொடுக்காதீர்கள். மனிதர் கையில் தின்று பழகிய கூட்டம் அடுத்து வாற்கோதுமை வயலுக்குள் இறங்கும், உழவர் கல்லெடுப்பார்.

லாலிபெலா ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மன்னர் லாலிபெலா ஆண்ட 12-ஆம் நூற்றாண்டின் முடிவையும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டியவை என்று மரபு சொல்லும் 11 தேவாலயங்கள். 1978 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. நிலத்தின் மேல் எழுப்பியவை அல்ல. பாறைத் தரையில் நாற்புறமும் அகழி வெட்டி நடுவில் ஒரு கட்டியைத் தனியாக்கி, மேலிருந்து கீழாகக் கூரை, சாளரம், வாசல் என்று செதுக்கி, பிறகு உள்ளே குடைந்திருக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவருக்கு இந்த முறை உடனே பிடிபடும். அது முடியாமல் நின்றுவிட்டது; இங்கே முடித்து, இன்றும் ஆராதனை நடக்கிறது.

எரிமலைப் பாறை என்பதால் வெட்ட எளிது, ஆனால் நீரை உறிஞ்சும். மழைநீர் வடிய வாய்க்கால்களையும் அப்போதே வெட்டினார்கள். அவை தூர்ந்த இடங்களில்தான் சுவர்கள் கெட்டன. சில கோயில்களுக்கு மேல் 2008-இல் பெரிய கூரைகள் போட்டார்கள். மழை நின்றது; கூரையின் பாரமே பாறையைப் பிளந்துவிடுமோ என்ற கவலை ஊராருக்கு வந்தது. அந்தக் கவலை நியாயமானது.

சுற்றும் வரிசை முக்கியம். பேத்த மெத்ஹனே அலெம், பேத்த மரியாம் உள்ளிட்ட தேவாலயங்கள் இருக்கும் வடக்குத் தொகுதி முதல் நாள் காலை. யோர்டானோஸ் என்ற கால்வாய்க்கு அப்பால் உள்ள கிழக்குத் தொகுதி அன்று மாலை. அங்கே கும்மிருட்டான ஒரு சுரங்கவழி உண்டு. ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையைத் தலைக்கு மேலும் வைத்து நடங்கள், கூரை திடீரெனத் தாழும். பேத்த கியோர்கிஸ் தனியே நிற்கிறது. சிலுவை வடிவில், ஏறக்குறைய 12 மீட்டர் ஆழ அகழிக்குள். அகழியின் அடிவரை வெயில் இறங்குவது நண்பகலை ஒட்டித்தான். ஆனால் மதியம் 12 முதல் 2 வரை கோயில்களை அடைத்துவிடுவது வழக்கம். அந்த நேரத்தில் விளிம்பில் நின்று மேற்கூரைச் சிலுவைகளைப் படமெடுத்து, திறந்ததும் உள்ளே போகலாம். விளிம்பில் கைப்பிடி கிடையாது, பின்னோக்கி நகராதீர்கள்.

உள்ளே செருப்பு கூடாது. தரைவிரிப்புகளில் தெள்ளுப்பூச்சி இருக்கும். கால்சட்டை நுனியைக் கனமான சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸில் முந்தின இரவே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் காயவையுங்கள். சுவரோவியங்களுக்கு ஃபிளாஷ் வேண்டாம்; சிறு டார்ச் போதும். சில இடங்களில் பெண்களுக்கு அனுமதியில்லை, வாசலிலேயே சொல்வார்கள். ஆராதனையைக் காண விரும்பினால் விடியுமுன் போய் ஓரமாக நில்லுங்கள். உட்கார இருக்கை இல்லை. குருமார் நீண்ட கைத்தடியில் சாய்ந்தபடி, கெபரோ முரசும் கிலுகிலுப்பையும் சேர கீஸ் என்ற பழைய வழிபாட்டு மொழியில் மணிக்கணக்கில் பாடுவார்கள். ஜனவரி 7-இல் அவர்களது கிறிஸ்துமஸ். அன்று பேத்த மரியாமில் குருமார் முற்றத்திலும் அகழி விளிம்பிலுமாகப் பிரிந்து பாடுவதைப் பார்க்க நாடே திரளும். அறையை மாதங்களுக்கு முன்பே பிடிக்கவேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்த நாடு நல்ல நாடு. புதன், வெள்ளி நோன்பு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முன் நீண்ட நோன்பு. அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாமல் “பேயாய்நெத்து” கிடைக்கும்: டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோல் சுட்ட இன்ஜெராவின் மேல் பருப்பு, கீரை, சிரோ என்ற கடலைமாவுக் குழம்பு. மற்ற நாட்களில் அதே சிரோவில் நெய் இருக்கும், சிலவேளை இறைச்சியும். “சோம்” என்று சொல்லிக் கேளுங்கள், நோன்புச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். பணம், உள்ளூர் நாணயமான பிர்ரில், ரொக்கமாகவே வேண்டும். 2024 ஜூலையில் பிர் மதிப்பைச் சந்தைப் போக்குக்கு விட்டுவிட்டதால் பழைய விலைப்பட்டியல்களை நம்பாதீர்கள். பஸ், கார் நேரம் பேசும்போதும் கவனம்: காலை 7 மணியை அவர்கள் 1 மணி என்பார்கள்.

பாலே தேசியப் பூங்கா தெற்கே. அடிஸ் அபாபாவிலிருந்து டின்ஷோ ஏறக்குறைய 400 கிலோமீட்டர், முழுப் பகல் கார்ப் பயணம். டின்ஷோ 3,000 மீட்டருக்கு மேல்; நுழைவுக் கட்டணமும் வழிகாட்டியும் அங்கேதான். இரண்டு இரவு அங்கே தங்குங்கள். நேராக சனெட்டி பீடபூமிக்கு, 4,000 மீட்டருக்கு, காரில் ஏறினால் தலைவலியும் வாந்தியும் நிச்சயம் போல; கார் வேகமாக ஏறும், உடம்பு ஏறாது. அந்த இரண்டு நாளில் காய்சே புல்வெளியில் மலை நியாலா மான்களை நிதானமாகப் பார்க்கலாம். மழை குறைந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், ஆனால் மேட்டில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

உலகில் எத்தியோப்பிய ஓநாய்கள் ஏறக்குறைய 500-தான். பாதிக்கு மேல் பாலேயில். கூட்டமாக வாழ்ந்தாலும் பெரும்பாலும் தனித்தனியே வேட்டையாடும். முக்கிய இரை பாலேயில் மட்டும் உள்ள பெருவளை எலி. குளிர் விலகி எலிகள் வெளியே வந்தால்தான் ஓநாய்க்கு வேலை. ஆகவே விடிகாலையில் பார்க்காவிட்டால் மனம் தளரவேண்டாம், முற்பகல் முழுக்கத் தேடுங்கள். எலி, கண்கள் தலையின் உச்சியில் இருப்பதால், உடம்பின் பாதியை வளையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துப் புல்லை இழுக்கும். ஓநாய் வயிறு தரையில் படப் பதுங்கி, அசையாமல் நின்று, மறுபடி பதுங்கும். அந்த நேரத்தில் காரிலிருந்து இறங்காதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பைனாகுலரில் பாருங்கள்.

இந்த ஓநாய்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது நாய்களிடமிருந்து தொற்றிய வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும். இடையர் நாய்களுக்குத் தடுப்பூசியும் ஓநாய்களுக்கு இறைச்சியில் வைத்த தடுப்பு மருந்தும் கொடுத்து வருகிறார்கள். நீங்கள் சாப்பிட்ட மிச்சத்தைப் பீடபூமியில் போட்டால் அதைத் தேடி வருவது ஊர் நாய்தான். பொட்டலங்களைக் கட்டி கோபா நகரம்வரை திரும்ப எடுத்துப் போங்கள். ஓட்டுநரிடமும் பீடபூமிச் சாலையில் மெதுவாகப் போகும்படி ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.