சுங்கை சிப்புட்டில் இருந்தபடி கட்டுரை எடுப்பதும், எழுதியதைக் களஞ்சியத்தில் போடுவதும்

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. நம்மூர் பெயர் உலக வரலாற்றில் ஏறிய அந்த நாளைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் பல, இன்று வெளிநாட்டுப் பதிப்பகத் தளங்களில் பூட்டிக் கிடக்கின்றன. நம்மூர் லிந்தாங் பக்கம் வீட்டில் உட்கார்ந்து திறந்தால் ஒரு கட்டுரைக்கு 30, 40 அமெரிக்க டாலர் கேட்கும். பகுதிநேரமாக முதுகலையோ முனைவர் பட்டமோ செய்கிறவர் என்றால் கடன் அட்டையை எடுக்காதீர்கள். அந்த இதழுக்குப் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

பின் ஏன் பணம் கேட்கிறது? நீங்கள் எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்பதைத்தான் பதிப்பகத் தளம் பார்க்கிறது. வளாகத்துக்குள் இருந்தால் பல்கலைக்கழக முகவரி, கதவு திறக்கும். வீட்டு யூனிஃபை இணையம் என்றால் நீங்கள் வெறும் வழிப்போக்கர். இந்த இடைவெளியை அடைக்கத்தான் நூலகங்கள் ஈஸிபிராக்ஸி, ஓப்பன்ஏதென்ஸ் போன்ற நுழைவு முறைகளை வைத்திருக்கின்றன. கூகுளில் தேடி நேராகப் பதிப்பகத்துக்குள் போகாமல், நூலகத் தளத்தின் மின்தரவுத்தளப் பக்கத்தில் மாணவர் எண், கடவுச்சொல் போட்டு, அங்கிருந்து இதழுக்குப் போக வேண்டும். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுபொறியான கூகுள் ஸ்காலரை விட மனமில்லாதவர்கள் அதன் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ பகுதியில் பல்கலைக்கழகப் பெயரைத் தேடித் தேர்வு செய்துகொள்ளலாம். ஐந்து நூலகங்கள் வரை சேர்க்க முடியும். அதன்பின் நூலகத்தில் இருக்கும் கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே இணைப்பு வரும்.

நுழைவு மறுக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது பருவப் பதிவு. பகுதிநேர மாணவர் ஒரு பருவத்துக்குப் பதிந்துகொள்ளாமல் விட்டாலோ கட்டணம் நிலுவையில் இருந்தாலோ கணக்கு முடங்கிப்போகும். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் வேலைக்காகாது. உள்ளே போனபின் ‘இந்தத் தளம் பட்டியலில் இல்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால் தவறு உங்களுடையது அல்ல. பதிப்பகம் முகவரியை மாற்றியிருக்கும், நூலகம் இன்னும் அதைச் சேர்த்திருக்காது. திரையைப் படம் பிடித்து முழு முகவரியோடு நூலகத்துக்கு அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள். இன்னொன்று: தானியங்கி மென்பொருள் வைத்து நூற்றுக்கணக்கில் பதிவிறக்காதீர்கள். பதிப்பகம் முழுப் பல்கலைக்கழகத்தையும் தடுத்துவிடும், அடுத்தவர் பரீட்சை வாரத்தில் மாட்டிக்கொள்வார்.

நூலகப் பட்டியலில் இதழ் இருக்கும், தேவையான கட்டுரை மட்டும் திறக்காது. இது பலரைக் குழப்பும். பல இதழ்களை ஒன்றாகத் தரும் தொகுப்புத் தரவுத்தளங்கள் சில இதழ்களின் கடைசி 12 மாதங்களைக் கொடுப்பதில்லை. ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்த் தொகுப்பில் பல இதழ்களுக்குக் கடைசி சில ஆண்டுகள் இருக்காது. அப்போது அன்பேவால் என்ற இலவச உலாவிச் செருகியைப் போட்டுப் பாருங்கள். ஆசிரியரே எங்காவது சட்டப்படி திறந்து வைத்த பிரதி இருந்தால் காட்டும். அதுவும் இல்லையென்றால் நூலகத்தின் கட்டுரைக் கோரிக்கைப் படிவம். நூலகங்களுக்கிடையே கடன் வாங்கும் ஏற்பாடு மலேசியப் பல்கலைக்கழகங்களுக்குள் உண்டு. படிவத்தில் ‘இந்தக் கட்டுரை வேண்டும்’ என்று தலைப்பை மட்டும் எழுதினால் நாலு மின்னஞ்சல் போய்வரும். 10 என்று தொடங்கும் டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்), இதழின் பெயர், தொகுதி, இதழ் எண், பக்கம் எல்லாம் கொடுத்தால் முதல் தடவையிலேயே முடியும். பட்டம் வாங்கிக் கணக்கை இழந்தவர்கள் ஜேஸ்டோரில் இலவசமாகப் பதிந்துகொண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டுரைகளைத் திரையில் படிக்கலாம்.

இனி போடும் பக்கம். நீங்கள் எழுதிய கட்டுரை இதழில் வந்துவிட்டது. பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அதாவது தன் ஆய்வுகளைப் பல்கலைக்கழகம் இணையத்தில் சேர்த்து வைக்கும் இடத்தில், ஏற்ற வேண்டும். எந்தக் கோப்பு? பதிப்பகம் அழகாக வடிவமைத்த இறுதிப் பிரதியை ஏற்றப் பெரும்பாலான சந்தா இதழ்கள் அனுமதிப்பதில்லை. அனுமதிப்பது, மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து ஏற்றுக்கொள்ளப்பட்ட உங்கள் சொந்த வேர்ட் கோப்பை. இரண்டு வருடம் கழித்து அது யாரிடம் இருக்கும்? உங்களோடு சேர்ந்து எழுதியவரின் பழைய மடிக்கணினியில். ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியாகப் பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். பல இதழ்கள் 6, 12 அல்லது 24 மாதம் காத்திருக்கச் சொல்லும். எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதை இதழின் விதியில் பாருங்கள். வழக்கமாக அது வெளியான நாள். காத்திருக்கும் காலத்திலும் கோப்பை ஏற்றி, திறக்கும் தேதியைக் குறித்து வைக்கலாம்.

தோட்டத்துப் பழைய புகைப்படங்களைக் கட்டுரையில் சேர்த்திருந்தால், படத்துக்கு உரியவர் அச்சு இதழுக்கு மட்டும் அனுமதி தந்தாரா என்று பாருங்கள். அப்படியென்றால் களஞ்சியப் பிரதியில் படத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி பெயரில் இருக்கிறது. அடையாள அட்டையில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் ஏ/எல், ஏ/பி-யை மேலைநாட்டுத் தரவுத்தளம் புரிந்துகொள்வதில்லை. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டுரை மகள் பெயரிலும் அடுத்தது அப்பா பெயரிலும் போய் உட்காரும். லெட்சுமி என்ற பெயரை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதுகிற நாடு இது. ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்க்கிட் என்ற 16 இலக்க இலவச எண்ணை எடுத்து, எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலோடு போடுங்கள். கோப்பின் பெயரில் ஏ/எல் எழுதாதீர்கள். சாய்கோட்டைக் கணினி ஏற்காது.

தமிழில் ஆய்வேடு எழுதியவர்கள் இதைச் சோதிக்காமல் ஏற்றவே கூடாது. பிடிஎஃப்பைத் திறந்து ‘தொழிலாளர்’ என்று தேடுங்கள். அகப்படாவிட்டால் அந்தச் சொல் இருக்கும் வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு. மாற்றி மென்பொருளில் போட்டு, எழுத்துப்பிழை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ‘தொ’வின் கொம்பு முன்னால் ஓடி எழுத்து உடைந்து வந்தால் எழுத்துரு யூனிகோடுதான். ஆனால் பிடிஎஃப், எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கிறது. கொம்பு இடப்பக்கம் தெரிவதால் அதுவே முதலில் வந்துவிடுகிறது. அச்சிடும் வழியாக பிடிஎஃப் ஆக்காமல் வேர்டிலிருந்து நேராகச் சேமித்தால் சில நேரம் சரியாகும், சில நேரம் ஆகாது. அதனால் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் மூன்றையும் களஞ்சியப் படிவத்திலேயே யூனிகோடு தமிழில் தட்டுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சேருங்கள். தேடுபொறி கைப்பற்றுவது பெரும்பாலும் அதைத்தான்.

ஏற்றிய உடனே அது வெளியே தெரியாது. நூலகர் சரிபார்க்கும் வரிசையில் நிற்கும். வெளியானபின் கைப்பேசியில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். சில களஞ்சியங்களில் ஆய்வேட்டின் முதல் 24 பக்கம் மட்டும்தான் வெளியாருக்குத் திறக்கும். முழுவதையும் திறக்க வேண்டும் என்றால் அதற்கான ஒப்புதலைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கைப்பேசியில் பாருங்கள்.