ஸ்பூன் ஆண், ஃபோர்க் பெண், கத்தி ரெண்டுமில்லை

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளம், அப்புறம் குளிர், கடைசியில்தான் இந்த டெர், டீ, டாஸ். வரிசை தலைகீழாக இருக்கவேண்டும் என்பேன். குளிருக்காவது ஜாக்கெட் கிடைக்கும்.

தெரியாதவர்களுக்கு: ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. ஆண்பாலுக்கு முன்னால் டெர், பெண்பாலுக்கு டீ (வாடி போடியில் வரும் டி என்று நினைத்துக்கொண்டால் மறக்காது), இரண்டிலும் சேராததற்கு டாஸ். மனுஷருக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிற ஸ்பூன் டெர் லோஃபல், ஃபோர்க் டீ காபல், கத்தி டாஸ் மெஸர். ஏன் என்று ஜெர்மன்காரரைக் கேட்டால் அப்படித்தான் என்பார்கள்.

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை. எதிர்வீட்டுப் பெண் நர்சிங் முடித்துவிட்டு ஆன்லைனில் ஜெர்மன் ஏ1, அதாவது முதல் நிலை, படிக்கிறாள். நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்; ஆண்பால் நீல மை, பெண்பால் சிவப்பு, மூன்றாவது பச்சை. பச்சையில் ஒரு சொல்லை மட்டும் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள். "மேட்ஷென்னா பொண்ணுதானேக்கா, அதுக்கு எப்படி டாஸ் போடுறாங்க? பொண்ணுன்னா அஃறிணையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்த அவள் பாட்டி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஜெர்மனிப் புள்ள வந்திருக்கு, காபி போடு!" வந்திருக்கு. வந்திருக்கா இல்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் அக்கா வந்துச்சு, சின்னம்மா சொல்லுச்சு என்று நாள் முழுக்கப் பேசுகிறோம், பிரியமும் மரியாதையும் சேர்ந்துதான் அப்படி வருகிறது, யாரும் அக்காவை நாற்காலி மேசையோடு சேர்த்துவிட்டதாக நினைப்பதில்லை. குழந்தை அழுகிறது என்று எழுத்திலேயே எழுதுகிறோம். அவர்களும் குழந்தைக்கு டாஸ் கிண்ட்தான். மேட்ஷெனுக்குக் காரணம் இன்னும் எளிது: கடைசியில் வரும் 'ஷென்' சின்னது, குட்டி என்று காட்டுகிற விகுதி, அது ஒட்டினால் எதுவானாலும் டாஸ். ரொட்டியில் ஒட்டினால் ப்ரோட்ஷென், சின்ன பன், அதுவும் டாஸ்.

அதனால் பொருளைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யோசிப்பது வீண் வேலை. சொல்லின் வாலைப் பார். உங், ஹைட், கைட் என்று முடிந்தால் டீ. நர்ஸுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது, ஓபராட்சியோன், இன்ஃபெக்சியோன், இன்யெக்சியோன் என்று வார்டில் வாயில் வருகிற பாதிச் சொல் ஒரே வால், அத்தனையும் பெண்பால். 'எ' என்று முடிகிறவையும் பெரும்பாலும் டீதான்: மாத்திரை, ஊசி, களிம்பு, போர்வை. (டெர் நாமெ, டெர் கேஸெ என்று சில திருட்டுச் சொற்கள் உண்டு.) கிழமையும் மாதமும் எல்லாம் டெர். இரண்டு சொல் சேர்ந்தால் கடைசிச் சொல் சொல்வதுதான் சட்டம்: வாழைக்கு டீ பனானெ, இலைக்கு டாஸ் ப்ளாட், வாழையிலை டாஸ் பனானென்ப்ளாட்.

தப்பாகச் சொன்னால் என்ன, புரியத்தானே செய்யும் என்று கேட்பார்கள். புரியும். ஆனால் அவர்கள் பேசுவது நமக்குப் புரியவேண்டுமே. என்னோடு வேலைக்குச் சேர்ந்த கேரளத்துப் பெண் ஒருத்தி வார்டில் ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டு ட்ரேயை வைத்ததும், அவர் "வோ இஸ்ட் எர்?" என்றார், 'அவன் எங்கே?' இவள் யாரோ விசிட்டரைத் தேடுகிறார் போல என்று வராந்தாவரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் கேட்டது ஸ்பூனை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.

அப்புறம் வேற்றுமை. இங்கேதான் மற்றவர்கள் அழுவார்கள், நாம் அழவேண்டியதில்லை. ஐ, ஆல், கு என்று எட்டையும் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவர்கள். நாம் உருபைச் சொல்லின் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் பெரும்பாலும் முன்னால் நிற்கிற டெர், டீயை மாற்றுகிறார்கள். ஸ்பூனை எடு என்றால் டென் லோஃபல், ஸ்பூனால் சாப்பிடு என்றால் மிட் டெம் லோஃபல். ஃபோர்க்கால் என்றால்? மிட் டெர் காபல். ஆமாம், பெண்பாலுக்கே டெர் வந்துவிட்டது. ஆரம்பத்திலேயே காபல் என்று மொட்டையாகப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிக்குவார்கள், டீ காபல் என்று சேர்த்தே வாயில் ஏற்றியவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஆறுகள் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆடிப்பெருக்கில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்து மசக்கைக்காரிக்குச் செய்வதுபோல காவிரிக்குச் செய்கிற ஊரில் பிறந்துவிட்டு, நான் இருக்கிற கோப்லென்ஸில் ரைன் நதியை அப்பா ரைன் என்கிறார்கள். அதில் வந்து சேர்கிற மோஸல் பெண்பால். ஜெர்மன் ஆறுகளில் பெண்பால் நிறைய, டோனாவ், எல்பெ எல்லாம் டீதான். ஐரோப்பாவுக்கு வெளியே போனால் பெரும்பாலும் டெர். நைல் டெர் நீல், கங்கை டெர் கங்கெஸ். கங்கையை ஆம்பளையாக்கிட்டாங்க என்றதும் அம்மா, "அவங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள்.

அந்தப் பெண் கடைசியாகத் தயிருக்கு என்ன என்று கேட்டாள், தயிர்சாதம் இல்லாமல் இருக்கமுடியாத வீடு. யோகுர்ட் என்று சொன்னேன், ஜெர்மனியில் டெர், ஆஸ்திரியாக்காரர்களிடம் டாஸ், அங்கேயே டீ என்பவர்களும் உண்டு, அகராதியிலேயே மூன்றும் இருக்கிறது. எந்த மையில் எழுதுவது என்று பேனாக்களைப் பார்த்தாள். ஜெர்மனிக்குத்தானே போகப்போகிறாய், நீலத்தில் எழுது என்றேன்.