அத்தையோடு காலி மனையில்

அக்டோபர் 6, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு மேற்கே வரிசையாக நான்கு காலி மனைகள். கல் ஊன்றி நாலைந்து வருடம் ஆகிறது, யாரும் வீடு கட்டவில்லை. மதுரையில் ஆனையூரைத் தாண்டி வந்தால் இப்படித்தான், பாதி வீடு, பாதி முள்ளுக்காடு. கொசுவுக்குப் பயந்து அந்தப் பக்கத்து ஜன்னலை இத்தனை நாளும் சாத்தியே வைத்திருந்தேன்.

அத்தை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்து நான்கு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் டிவி முன்னால் உட்கார்ந்தே கிடந்தார். போன மாதம் நாலு மழை பெய்து மனைகள் பச்சை கட்டியதும் எழுந்துகொண்டார். காலையில் காபி குடித்த கையோடு போவார், ஒரு மடி கீரையோடு திரும்புவார். நான் கட்டு இருபது ரூபாய்க்கு வாங்கும் கீரை இனி வேண்டாம் என்று கீரைக்காரம்மாவிடம் அவரே சொல்லியும் விட்டார்.

இன்று நானும் கூடப் போனேன். குனிந்து பறிக்கப் போன கையைத் தட்டிவிட்டார்.

"ஒரு வாரத்துக்கு நீ எதையும் பறிக்க வேணாம் ஆத்தா. பாரு. பார்த்துக்கிட்டே இரு."

கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு, எதையும் எழுதிவைத்தால்தான் மண்டையில் ஏறும். அதனால் இந்தக் குறிப்பு. இன்றைய சட்டியில் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, ஒரு கைப்பிடி சாரணை. பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கடைந்தார். மகன் என்ன கீரை என்று கேட்காமலே சாப்பிட்டான்.

அக்டோபர் 9, புதன்

மூக்கிரட்டை எது, சாரணை எது? இதிலேயே மூன்று நாள் போய்விட்டது.

"ஜோடி இலையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் அது மூக்கிரட்டை" என்று ஒரு வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். மனையில் போய்ப் பார்த்தால் சாரணைக்கும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டும் தரையோடு படர்கின்றன, இரண்டின் தண்டிலும் செம்மை ஓடுகிறது. போதாததற்குச் சில ஊர்களில் மூக்கிரட்டையையே சாரணை என்கிறார்கள்.

அத்தை இரண்டிலும் ஒவ்வொரு கொடியைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். இலையைத் திருப்பச் சொன்னார். மூக்கிரட்டையின் அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல வெளிறியிருக்கிறது. பூ கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, இளஞ்சிவப்பு. அது இலையை ஒட்டி இல்லாமல் மெல்லிய காம்பில் ஏறித் தனியே நிற்கிறது. காய் பிசுபிசு என்று புடவையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணுக்கால் ஓரம் முழுக்க அதுதான். சாரணையின் இலை சற்றுத் தடிப்பு, பூ இலையின் கக்கத்திலேயே ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறது, வெயில் ஏறினால்தான் விரிகிறது.

மூக்கிரட்டை கால் வீக்கத்துக்கு நல்லது, நீரை இறக்கும் என்று தினம் கஷாயம் வைத்துக் குடிக்க அத்தைக்கு ஆசை. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவர். போன வாரம் டாக்டரிடம் போனபோது கேட்டேன். வாரம் ஒருநாள் கீரையாகப் பொரித்துச் சாப்பிடட்டும், மாத்திரையோடு சேர்த்துத் தினமும் கஷாயம் வேண்டாம் என்றார். அத்தை திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கஷாயத்தை விட்டுவிட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

பறிக்க அனுமதி கிடைத்தது. முதல் பறிப்பே பிரண்டை, முதல் அடியும் அதுதான்.

மூன்றாவது மனையின் கம்பிவேலியில் கிடக்கிறது. நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு மட்டும், நகம் வைத்தால் பட்டென்று ஒடிகிற பிஞ்சு மட்டும் எடுக்க வேண்டும். "கையில எண்ணெயைத் தடவிக்க" என்று அத்தை அடுப்படியிலிருந்து சத்தம் போட்டது காதில் விழுந்தது. எதற்கு என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். ஓரத்து நாரை உரித்துக் கணுவை நறுக்கி முடிப்பதற்குள் விரலிடுக்கில் அரிப்பு. தண்ணீரில் கழுவினேன், இன்னும் கூடியது. பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, அதுதான் தோலைக் குத்துகிறது. தேங்காய் எண்ணெயைத் தேய்த்து அரை மணி நேரம் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துவையலை அத்தைதான் முடித்தார். நல்லெண்ணெயில் பிரண்டையின் பச்சை மாறி மங்கும்வரை நிதானமாக வதக்க வேண்டும். அவசரப்பட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். உளுந்து, வரமிளகாய், புளி. புளி கொஞ்சம் தாராளமாகவே, அரிப்பை அடக்க.

இவர் இரவு சாப்பாட்டில் துவையலை ஓரமாகத் தள்ளி வைத்தார். அத்தை பார்த்துவிட்டார். "இவனைப் பெத்த வயித்துல பெரண்டையத்தான் கட்டணும்!"

எத்தனை வருடமாகக் கேட்கும் வசவு! ஏன் பிரண்டை என்று இன்றைக்குத்தான் விரல்களுக்குப் புரிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

நான்காவது மனையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் ஓரம் கரிசலாங்கண்ணி. சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளைப் பூ. இதில் சந்தேகம் வந்தால் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. தண்டைக் கிள்ளிக் கசக்கிக் கட்டைவிரல் நகத்தில் பிழிந்து நூறு எண்ணச் சொன்னார் அத்தை. முதலில் பச்சைச் சாறு. நாற்பது எண்ணும்போது அழுக்குப் பழுப்பு. எழுபதில் கறுப்பு. நகத்தின் ஓரத்தில் மை தொட்டதுபோல நின்றது, சோப்புக்கும் போகவில்லை.

மகன் பிறந்தபோது ஊரிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியில் மை கொடுத்துவிட்டார் அத்தை. அது எப்படிச் செய்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. வெள்ளை வேட்டித் துணியை இந்தச் சாற்றில் நனைத்து நிழலில் காயவைக்க வேண்டும், மறுபடி நனைத்து மறுபடி காயவைக்க வேண்டும். அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டிக் கொஞ்சம் விளக்கெண்ணெயில் குழைத்தால் மை. கண்ணுக்குள் எதையும் இடாதீர்கள் என்று இப்போது குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கலாமே.

தெருமுனை வீட்டு வாசலில் மஞ்சள் பூவோடு அடர்ந்து கிடப்பதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து ஒரு பிடி கொண்டுவந்தேன். அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே போட்டார். அது அழகுக்கு வைக்கும் வெளிநாட்டுச் செடியாம். நர்சரியிலிருந்து வந்து இப்போது வாய்க்கால் ஓரமெல்லாம் பரவிக் கிடக்கிறது. கரிசலாங்கண்ணி என்று சொல்லி அதைப் பொடித்து விற்றால் நானே வாங்கியிருப்பேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கொட்டிய மழையில் தெருவெல்லாம் தண்ணீர். வீட்டில் எல்லோருக்கும் மூக்கடைப்பு. நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தோம். தூதுவளை ரசம் வைத்தேன். தூதுவளைக்குத் தண்டில் மட்டுமில்லை, இலையின் நரம்பிலும் வளைந்த முள் இருக்கிறது. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி நெய்யில் வதக்கினால் பத்து இலை ஒரு ஸ்பூனுக்கு வந்து நிற்கிறது.

கடையில் வாங்கிய நிலவேம்புக் குடிநீர்ப் பொடியும் இருக்கிறது. பெயர்தான் நிலவேம்பு, உள்ளே ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. இதில் எங்கள் மனையில் கிடைப்பது கோரைக்கிழங்கு ஒன்றுதான். இவர் ஒரு மிடறு குடித்துவிட்டு ஜுரமே பரவாயில்லை என்றார்.

நவம்பர் 2, சனி

தீபாவளி போயிற்று. லேகியம் நான் கிண்டினேன். வெல்லப்பாகு முற்றி, மறுநாள் கமர்கட் ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, கடித்துத் தின்றார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

கீழாநெல்லி.

இதை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இலைக்காம்பின் அடியில் வரிசையாகத் தொங்கும் குட்டிக் குட்டிக் காய், அவ்வளவுதானே? மனையில் அப்படித் தொங்குகிற செடிகள் இரண்டு விதம். ஒன்றில் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்குகிறது. இன்னொன்றில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது. தண்டும் சிவப்பு. அத்தை எடுப்பது முதலாவதை மட்டும். மேலாநெல்லி வேறு தனியாக இருக்கிறது. மகனிடம் பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், தெருவில் போனவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது அத்தையாகவே சொன்னார். அவருடைய பெரிய அண்ணனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம். பறித்துவந்து அரைத்தது அத்தைதான். அப்போது அவருக்குப் பதினாறு வயது. முதல் வாரம் நன்றாக இருந்தார். அப்புறம் வயிறு வீங்கியது. ஒருநாள் விடியற்காலை ரத்தமாக வாந்தி எடுத்தார். மாட்டுவண்டி கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள், பாதி வழியில் முடிந்துவிட்டது. நிறையக் குடிப்பாராம்.

"தழை மேல குத்தமில்ல. முன்னாடியே கொண்டுபோயிருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் சாராயம் குடிக்கிறது எனக்குத் தெரியும். நாட்டு வைத்தியர்கிட்ட யாரும் சொல்லல" என்றார்.

இரவு உட்கார்ந்து படித்தேன். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. இன்னொன்றும் உண்டு. அசுத்தத் தண்ணீரால் வரும் மஞ்சள்காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சில வாரமும் நாம் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருப்போம், பெயர் அதற்குப் போய்விடும். எந்தக் காமாலை என்று ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும், கண்ணைப் பார்த்துத் தெரியாது.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை. அவர் அறுபது வருடமாகச் சுமக்கிற கதையில் நான் ஏன் கை வைக்க வேண்டும்?

நவம்பர் 17, ஞாயிறு

"ஆடு திங்காததை நாமளும் திங்கக் கூடாது." அத்தையின் சட்டம். சரி, நல்ல சட்டம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். ஆட்டுக்காரர் ஒருவர் மந்தையை மனைக்குள் ஓட்டிவந்தார். நின்று பார்த்தேன். எருக்கிலையைக் கடித்து மென்றுகொண்டிருந்தது ஒரு வெள்ளாடு. எருக்கம்பாலை நாம் தின்றால் என்ன ஆகும்? ஆடு தொடாத ஆடாதொடையோ இருமலுக்குப் பேர்போனது. அதிலிருக்கும் வாசிசினைத் தொட்டுத்தான் இருமல் டானிக்குகளில் வரும் புரோம்ஹெக்சினையே உருவாக்கினார்கள். அதே இலை கர்ப்பப்பையைச் சுருக்கும், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. சட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டேன். அத்தையிடம் காட்டினால், "அப்ப ஆட்டைக் கேட்டுக்க" என்கிறார்.

சட்டம் பொருந்துகிற செடியும் ஒன்று இருக்கிறது. ஆடுதின்னாப்பாளை. வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் ஊரில் கொடுப்பார்கள். அதிலிருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் கொண்டுவரும். இதை அத்தையிடம் சொன்னேன். அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது என்றார், வாதாடவில்லை. வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது, நம் மாநிலப் பூ. அதன் கிழங்கு உயிரை எடுக்கும் விஷம். இரண்டையும் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

முதல் மனையில் தழைகள் ஒரே நாளில் மஞ்சளாகச் சுருண்டு கிடந்தன. உரிமையாளர் ஆள் வைத்துக் களைக்கொல்லி அடித்திருக்கிறார். அந்த மனையை ஒட்டிய இரண்டாவது மனையிலும் இனிப் பறிப்பதில்லை என்று முடிவு. மீதி இரண்டு.

நவம்பர் 24, ஞாயிறு

கையெட்டும் தூரத்தில் சிலது இருக்கட்டும் என்று மாடியில் பெயிண்ட் வாளிகளில் நட ஆரம்பித்தோம். தூதுவளை, வல்லாரை, கரிசலாங்கண்ணி, ஒரு குப்பைமேனி. குப்பைமேனியை வாளியில் நடுகிற முதல் ஆள் நீதான் என்று அத்தை சிரித்தார். சேற்றுப்புண்ணுக்கும் சொறிக்கும் மஞ்சளோடு அரைத்துப் பூச அது வேண்டும். உள்ளுக்குக் கொடுப்பதில்லை என்று ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று.

இன்று காலை போய்ப் பார்த்தால் வாளி கவிழ்ந்திருந்தது. குப்பைமேனி வேரோடு வெளியே கிடந்தது. எதிர்வீட்டுப் பூனை அந்த வேரின் மேல் கன்னத்தைத் தேய்த்தபடி மல்லாந்து புரண்டுகொண்டிருந்தது. விரட்டினேன். இரண்டடி போய்த் திரும்பி வந்து மறுபடி புரண்டது. வாயோரம் எச்சில் வழிந்தது.

அத்தை மெல்லப் படியேறி வந்து பார்த்தார். "பூனைவணங்கின்னு அதுக்கு இன்னொரு பேரு. நான் சொல்லலையா?"

சொல்லவில்லை. ஏழு வாரத்தில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

காய்ந்துபோகும் முன் மறுபடி நட்டு, மேலே காய்கறிக் கூடையைக் கவிழ்த்து ஒரு செங்கல்லை வைத்தேன். பூனை இப்போது கூடையைச் சுற்றிச் சுற்றி வருகிறது.