கரும்பில் 12 நகல்: மொரீசியஸ் முதுநிலை மாணவர்களுக்கு

நெல்லிலும் பட்டாணியிலும் மரபியல் படித்துவிட்டு முதுநிலைக்கு வருகிறவர்களுக்கு நம் தீவில் ஆய்வுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கரும்புதான். இடறல் அங்கேதான் ஆரம்பம்.

நெல்லில் ஒரு மரபணுவுக்கு 2 நகல். பக்கத்து ரீயூனியனில் உருவான ஆர்570 கரும்பு ரகத்தில் குரோமோசோம்கள் சுமார் 114. அடிப்படை எண் (ஒரு தொகுப்பில் உள்ள குரோமோசோம்கள்) 10 என்று வைத்தால் ஒரே மரபணுவுக்கு ஏறத்தாழ 12 நகல். அதுவும் சீராக இல்லை. சில குரோமோசோம் வகைகளில் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

முதல் அடி டிஎன்ஏ வரிசைப்படுத்தலில் விழும். 12 நகலில் ஒன்றில் மட்டும் இருக்கும் அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்), 20 ரீட் ஆழத்தில், அதாவது அந்த இடத்தை 20 டிஎன்ஏ துண்டுகள் படித்திருக்கும்போது, ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போக 17.5% வாய்ப்பு உண்டு (11/12-ஐ 20 முறை பெருக்கிப் பாருங்கள்). 60 ரீட் என்றால் அது 0.5% தான். பட்டாலும் தொல்லை தீராது. மரபணு வேறுபாடுகளைக் கண்டறியும் மென்பொருளான ஜிஏடிகே ஹாப்லோடைப்காலரில் ப்ளாய்டி (நகல் எண்ணிக்கை) அமைப்பு இயல்பாக 2. 8% ரீட்டில் மட்டும் தெரியும் அல்லீலை அது பிழையென்று ஒதுக்கிவிடும். சாம்பிள்-ப்ளாய்டி என்ற அந்த அமைப்பை மாற்றாமல் ஓட்டிய முடிவை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது விகிதம், அதாவது சந்ததியில் மார்க்கர் (அடையாள டிஎன்ஏ வேறுபாடு) உள்ளவை, இல்லாதவை. மார்க்கர் ஒரு பெற்றோரில் மட்டும், அதுவும் ஒற்றை நகலாக இருந்தால் கலப்புச் சந்ததியில் 1:1. தன்மகரந்தச் சேர்க்கையில் 3:1. ஆர்570-இன் பழுப்புத் துரு எதிர்ப்பு மரபணு ப்ரூ1 இப்படி 3:1 காட்டித்தான் பிடிபட்டது. கலப்பில் அதே மார்க்கர் இரட்டை நகலாக இருந்தால், எண்மடியக் கணக்கில் (12-க்குப் பதில் 8 நகல் என்று வைத்தால்) 11:3. வெறும் 30 நாற்று வைத்துக்கொண்டு இந்த 1:1-ஐயும் 11:3-ஐயும் பிரிக்கப் பார்த்தால், இருபதில் ஒரு ஒற்றை நகல் மார்க்கராவது தவறான பக்கம் போய் விழும். 100 நாற்று இருந்தால், மார்க்கர் உள்ள நாற்று 65 என்ற இடத்தில் கோடு போடலாம். இருபுறமும் மூன்று திட்டவிலக்கம் தள்ளி நிற்கும். வயலில் இடமில்லை என்று நாற்றைக் குறைப்பது பொய்ச் சிக்கனம். மார்க்கர் வரைபடத்துக்கு ஒற்றை நகல் மார்க்கர்களை மட்டும் முதலில் எடுங்கள், மற்றவை பிறகு.

ரீட்களைப் பொருத்திப் பார்க்கும் ஒப்பீட்டு மரபணுத் தொகுதி எது என்பதும் முக்கியம். ஆர்570-இன் ஒற்றை அடுக்கு வரிசை (12 நகலையும் ஒன்றாகச் சுருக்கியது) 2018-இலும், நகல்களைத் தனித்தனியே காட்டும் பன்மடிய முழுத் தொகுதி 2024-இலும் வெளிவந்தன. ஒற்றை அடுக்கில் பொருத்தினால் இரட்டித்த மரபணுக்கள் ஒரே இடத்தில் குவிந்து, இல்லாத எஸ்என்பிகள் (ஒற்றை எழுத்து டிஎன்ஏ வேறுபாடுகள்) முளைக்கும். ரீட் ஆழம் சராசரியைப்போல் இரு மடங்கு ஏறிய இடங்களைக் கழித்துவிட்டுத்தான் விகிதம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனைக்கு உட்காருங்கள்.