வந்தாரு, எடுத்தான்

பினாங்கில் பதினாறு வருடமாகக் கோர்ட்டு ஜூருபாஹாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருக்கிறேன். சாட்சி தமிழில் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொல்லவேண்டும். இரண்டு வாக்கியமும் ஒன்றுதான் என்று தினமும் வாயால் உறுதி கொடுக்கிற வேலை.

நகை காணாமல்போன வழக்கு ஒன்று. கூண்டில் நின்ற அம்மா சொன்னார்: “மருமகன் வந்தாரு, கூடவே ஒரு பையன், ஹால்ல உக்காந்தாரு, அப்புறம் அலமாரியத் தொறந்து எடுத்தான்.” நான் எல்லாவற்றுக்கும் ‘டியா’ போட்டேன். மலாயில் அவனும் அவரும் அவளும் டியாதான், வினையில் விகுதியும் கிடையாது. (பெலியாவ் என்று மரியாதைச் சொல் உண்டு, ஆனால் மருமகனுக்கு யாரும் அதைப் போடமாட்டார்கள்.) குறுக்கு விசாரணையில் வக்கீல், “மருமகன்தானே எடுத்தார்?” என்றதும் அந்த அம்மா பதறிப்போய், “ஐயோ, அவரு ஏன் எடுக்கறாரு, அந்தப் பையன்தான்” என்றார். வாக்குமூலத்தை மாற்றுகிறார் என்று வக்கீல் பிடித்துக்கொண்டார். அவர் மாற்றவே இல்லை, முதலிலேயே ‘ஆன்’ விகுதியில் சொல்லிவிட்டார், தொலைத்தது நான். எழுந்து நின்று அனுமதி கேட்டு விளக்கினேன், பதிவும் திருத்தப்பட்டது. ஆனால் பொய்க்காரி ஆக்கப்பட்ட அந்த ஐந்து நிமிடம் அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஜெர்மன் தத்துவஞானி ஃபிரேகேயைப் படித்தேன். 1892இல் அவர் எழுதிய கட்டுரையில் விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் வருகின்றன. இரண்டும் ஒரே கோள், ஆனாலும் ஒருவர் விடிவெள்ளியைப் பற்றிய வாக்கியத்தை நம்பி, அந்திவெள்ளியைப் பற்றிய அதே வாக்கியத்தைச் சந்தேகிக்கலாம், ஆகவே பொருள் ஒன்றல்ல என்கிறார். தமிழில் இரண்டு பெயரிலும் ‘வெள்ளி’ இருப்பதால் விடை பாதி வெளியே வந்துவிடுகிறது. சாயங்கால ஃபெரியில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் திரும்பும்போது, தீவின் மலைக்கு மேலே அது தெரிகிற நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் மரியாதையும் வெறுப்பும் சொல்லின் சாயல், சொல்லப்படும் செய்தியில் சேராது என்பது ஃபிரேகேயின் கட்சி. அதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. அன்று அந்தச் சாயல்தான் எடுத்தது யார் என்று காட்டியது. கோபம் வந்தால் அதே ஆளையே ‘அவர்’ என்று தொடங்கி ‘அவன்’ என்று முடிக்கிறவர்களும் உண்டு, அப்போது ஆள் மாறவில்லை, உறவுதான் மாறியது. விகுதி ஒன்றே, வேலை வேறு. ‘ஒரே பொருள்’ என்பதை விளக்கப்போனால் சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வருகிறோம் என்று அமெரிக்கத் தத்துவஞானி குவைன் 1951இல் எழுதியதைப் படித்தபோது, எனக்கு அது வெறும் தத்துவமாகத் தெரியவில்லை.

இப்போது ‘ஆர்’ ‘ஆன்’ ஆனால் நிறுத்தி, அனுமதி வாங்கி, “அதே ஆளா?” என்று கேட்கிறேன். போன மாதம் ஒரு தாத்தா, “அதே ஆளுதான் தம்பி, ஆனா அந்த நிமிஷத்துலேர்ந்து அவன்” என்றார். அதை மலாயில் சொல்ல எனக்கு மூன்று வாக்கியம் ஆனது.