ஏழு பேரில் ஐந்து பேர்

நியூ ஜெர்சியில் ஒரு பழைய அலுவலகத்தோடு 20,000 சதுர அடி சேர்த்துக் கட்ட அனுமதி வாங்கிய கதை இது. நான் ஆர்க்கிடெக்ட் குழுவில் இருந்தேன். வரைபடத்துக்கு மூன்று மாதம் ஆனது. அனுமதிக்கு ஒன்றேகால் வருடம்.

கட்டடம் 1950களின் கடைசியில் வந்தது. பெரிய நிறுவனங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் கிளம்பிய காலம் அது. 1957-ல் கனெக்டிகட் ஜெனரல் என்ற காப்பீட்டு நிறுவனம் ஹார்ட்ஃபோர்ட் நகரத்திலிருந்து பக்கத்துப் புறநகரான ப்ளூம்ஃபீல்டுக்குப் போய்ப் புல்வெளி நடுவே உட்கார்ந்தது. 1962-ல் பெல் ஆய்வகத்துக்காக ஈரோ சாரினென் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்த கண்ணாடிக் கட்டடம் ஹோம்டெல்லில் திறந்தது. அந்தப் பிரம்மாண்டம் எல்லாம் எங்களுடையதில் கிடையாது. இரண்டு மாடி, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஒன்பது அங்குலத் தரை ஓடு. மூன்று பக்கமும் வீடுகள்.

சிக்கல் எங்கே என்றால், பிற்பாடு ஊர் அந்தப் பகுதியைக் குடியிருப்பு மண்டலமாக்கிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் அலுவலகம் இருந்துகொள்ளலாம். பெரிதாக்க வேண்டுமென்றால் ஜோனிங் போர்டிடம், அதாவது நில மண்டல விதிகளைப் பார்க்கும் ஊர்க் குழுவிடம், விலக்கு கேட்க வேண்டும். ஏழு உறுப்பினர்களில் ஐந்து பேர் சரி என்றால்தான் கிடைக்கும். நாலுக்கு மூன்று என்று வந்தாலும் தோல்விதான். ஒருவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தால்கூட அது நமக்கு எதிராக விழுந்த ஓட்டு மாதிரி. அதனால் எங்கள் வக்கீல் கூட்டத்துக்கு வந்ததும் முதலில் நாற்காலிகளில் இருக்கும் தலைகளை எண்ணுவார். ஒருநாள் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். கொண்டுவந்த வரைபட அட்டைகளைப் பிரிக்காமலே தேதி மாற்றிக்கொண்டு திரும்பினோம்.

அதற்கு முன்பே ஒரு மாதம் எங்கள் தவறால் போயிருந்தது. இடத்தைச் சுற்றி 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் அறிவிப்பு போக வேண்டும். பட்டியலை நகராட்சியே தரும். அந்தப் பட்டியலை அப்படியே நம்பி அனுப்பினோம். எங்கள் பின்பக்க மூலையிலிருந்து 200 அடிக்குள் பக்கத்து ஊரின் எல்லை வருகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஊர் கிளார்க்குக்கும் அங்கே இருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் கடிதம் போகவில்லை. அறிவிப்பு சரியில்லை என்றால் விசாரிக்கவே போர்டுக்கு அதிகாரம் கிடையாது. எல்லாம் முதலிலிருந்து. இதே வேலையில் இறங்குகிறவர்கள் வரைபடத்தில் காம்பஸ் வைத்து நீங்களே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

விசாரணையில் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பேச வேண்டும். பேசி முடித்ததும் அக்கம்பக்கத்தார் குறுக்குக் கேள்வி கேட்கலாம். கட்டடத்தின் அழகைப் பற்றி நான் இருபது நிமிடம் தயார் செய்திருந்தேன். அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் கார்களைப் பற்றித்தான். 250 சதுர அடிக்கு ஒரு கார் என்பது அந்த ஊர் கணக்கு. ஆக 80 கார்கள். அவற்றைப் பின்பக்கம் வைத்திருந்தோம், ஒரு வரிசை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெட்டிவிட்டு.

வயதான ஒரு பெண்மணி எழுந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். அவருடைய அப்பா எடுத்தது. புதுக் கட்டடம், அதற்கு முன்னால் முழங்கால் உயரத்தில் அதே மரங்கள். ஆபீஸ் வெளிச்சம் வீட்டுக்குள் வராது என்று சொல்லித்தான் நட்டார்களாம். இப்போது அவை நாற்பது அடி. வக்கீல் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்துக்குள் திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். புதுப் பகுதி முன்பக்கம் வந்தது. 80 இடங்களில் 50-ஐ வரைபடத்தில் மட்டும் காட்டி, தேவை வரும்வரை புல்லாகவே விட ஒத்துக்கொண்டோம். வீட்டிலிருந்தே வேலை செய்கிற ஆட்கள் பாதி. அந்த 50 தேவைப்படாது என்று எங்களுக்கே தெரியும். இதை முதலிலேயே செய்திருக்கலாம். வாடிக்கையாளருக்கு முன்பக்கப் புல்வெளி மேல் ஆசை, எங்களுக்கு அவரிடம் வாதாடத் தயக்கம்.

ஓட்டெடுப்பு அன்று ஆறு பேர் வந்திருந்தார்கள். இரண்டாவதாகக் கூப்பிட்டவர் 'நோ' என்றார். மீதி நாலு பெயர்களும் கூப்பிட்டு முடியும்வரை வக்கீல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஐந்துக்கு ஒன்று. வெளியே வரும்போது அந்தப் பெண்மணி என்னை நிறுத்தி, வாகன நிறுத்தத்தில் இருக்கும் விளக்குகள் எத்தனை மணிக்கு அணையும் என்று கேட்டார். பத்து மணிக்கு என்றேன். எழுதிக்கொண்டார்.